சுனைக்கல்லும் பாக்குமட்டைக் காலணியும்

முக்குன்றுக் காட்டில் வரையாடுகளும் பன்றிகளும் மான்களும் செந்நாய்களும் ஒரே சுனையில் நீர் குடித்து வாழ்ந்தன. காடு பெரியது, சுனை சிறியது. ஆகவே அங்கே ஒற்றுமை நிலவியது என்று யாரேனும் சொன்னால், அவர் அந்தக் காட்டைப் பார்த்தவர் அல்லர்.

மழை ஓய்ந்ததும், சருகும் சாணமும் விழாதபடி சுனையின் வாயை ஓர் உருண்டைக் கல்லால் எல்லோரும் சேர்ந்து மூடிவிடுவார்கள். ஓடைகள் வற்றும் நாளில்தான் அதைத் திறப்பார்கள். அதற்கு ஒரு முறை இருந்தது. ஒவ்வோர் இனத்திலிருந்தும் ஒருவர் வேங்கை மரத்தடியில் புறப்பட வேண்டும். மூன்று குன்றுகளையும் சுற்றி ஓடிச் சுனையை அடைய வேண்டும். வந்த வரிசைப்படி ஒவ்வொருவரும் கல்லை மூன்று முறை தள்ளலாம். யார் தள்ளிக் கல் உருள்கிறதோ, அவருடைய இனமே கோடை முழுவதும் நாள்தோறும் முதலில் நீர் குடிக்கும். தள்ளித் தோற்றவரின் இனம் வரிசையின் கடைசிக்குப் போகும்.

கடைசியில் நிற்பவர்களுக்கு ஒன்றுமே கிடைக்காது என்பதில்லை. சேறு கிடைக்கும்.

சென்ற ஆண்டு அந்தக் கல்லின்முன் முதலில் வந்து நின்றவன் செங்குளம்பன். அவன் ஒரு வரையாட்டுக் கடா. செங்குத்துப் பாறையில் ஏறுவதற்கென்றே பிறந்த இனம். அவன் வந்தபோது வேறு ஓட்டக்காரர் யாரும் கண்ணுக்கெட்டிய தொலைவில் இல்லை. நிதானமாக மூச்சுவிட்டான். கொம்பைச் சிலுப்பினான். தன்னை எல்லோரும் பார்க்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டான். பிறகு மூன்று முறை முட்டினான். கல் மூன்று முறையும் அவனை மதிக்கவில்லை.

பின்னால் வந்த மானும் செந்நாயும் தள்ளத் துணியாமல் ஒதுங்கி நின்றனர். நெடுநேரம் கழித்து வன்பிடரன் என்னும் காட்டுப்பன்றி வந்து சேர்ந்தான். வாயில் நுரை தள்ள, நடந்துதான் வந்தான். ஒரே தள்ளு. கல் உருண்டது.

“மைத்துனா! நான் வரும்வரை கல்லை யாரும் திருடாமல் காவல் காத்தாயே, மிக்க நன்றி!” என்றான் வன்பிடரன்.

காடே சிரித்தது. வரையாடுகள் கடைசிக்குப் போயின. கோடை முழுவதும் சேற்று நீரைக் குடித்தன. செங்குளம்பனின் மனைவி வெண்செவி ஈன்ற குட்டி, வயிற்றுப்போக்கால் மெலிந்து மெலிந்து, அடுத்த மழையைப் பார்க்காமலே போயிற்று.

இந்த ஆண்டு வெண்செவி மீண்டும் சினையாக இருந்தாள். கோடையின் தொடக்கத்தில் ஈனுவாள் என்று மந்தை கணித்திருந்தது.

“இந்தக் குட்டிக்காவது தெளிந்த நீர் வேண்டும்,” என்றாள் அவள்.

கோடைக்கு இன்னும் ஐந்து திங்கள் இருந்தன. செங்குளம்பன் ஆழ்ந்து சிந்தித்தான். ‘எனக்கு ஓட்டம் இருக்கிறது, வலிமை இல்லை. ஆகவே ஓட்டத்தை விட்டுவிட்டு வலிமையைப் பிடிப்பேன்!’ என்று முடிவு செய்தான். இருப்பதை விட்டுவிட்டு இல்லாததைப் பிடிப்பதில் என்ன கணக்கு என்று அவன் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. பெரிய முடிவு எடுத்த மகிழ்ச்சியில் அதற்கெல்லாம் நேரம் இருக்கவில்லை.

அந்தக் காட்டில் கருந்தோளன் என்னும் கரடி ஒரு குகையில் உடற்பயிற்சிக் கூடம் நடத்திவந்தான். தன் நிழல் மிகப் பெரிதாக விழும் இடத்தில்தான் அவன் எப்போதும் நிற்பான். மாணவர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. நாள்தோறும் காலையில் அவன் ஒரு பாறையைத் தூக்குவான், அவர்கள் “ஆகா!” என்று சொன்னால் போதும். சுருதி குறைந்தால் மீண்டும் சொல்ல வேண்டும்.

“தம்பி, உன் தோள் எங்கே?” என்று கேட்டான் கருந்தோளன்.

“இதோ இருக்கிறது, அண்ணா.”

“இதுவா? நான் கழுத்து என்று நினைத்தேன்! ஓடும் பழக்கம் உண்டோ?”

“நாள்தோறும் ஓடுவேன்.”

“உடனே நிறுத்து! ஓடினால் தசை கரைந்துவிடும். மழையில் புற்று கரைவதைப் பார்த்திருக்கிறாயா?”

“பார்த்திருக்கிறேன்.”

“அதேதான்!”

கரடி புற்றைப் பற்றிப் பேசினால் யாராலும் மறுக்க முடியாது. அந்தத் துறையில் அவன் பேரறிஞன்.

பிறகு கருவிகளின் அறிமுகம் நடந்தது. முதலில் பாக்குமட்டையால் செய்த நான்கு காலணிகளை எடுத்துப் போட்டான் கரடி.

“அண்ணா, எனக்குக் குளம்பு இருக்கிறதே? அதன் அடிப்பகுதியே பாறையைப் பற்றிக்கொள்ளுமே?”

“அதெல்லாம் பழைய காலம்! உன் பாட்டனும் வெறுங்குளம்போடுதானே ஏறினான்?”

“ஆமாம். உச்சிவரை ஏறினார்.”

“இப்போது எங்கே அவன்?”

“முதுமையில் இறந்துவிட்டார்.”

“பார்த்தாயா!”

செங்குளம்பன் காலணியை மாட்டிக்கொண்டான். அடுத்துத் தேக்கிலைக் கையுறை வந்தது.

“அண்ணா, எனக்குக் கையே இல்லையே?”

“முன்னங்காலில் மாட்டு!”

“அங்கேதான் காலணி இருக்கிறதே?”

“அதன்மேல் மாட்டு! இத்தனை கேள்வி கேட்பவனுக்கு எப்படித் தசை வளரும்?”

கடைசியில் மரப்பட்டையால் ஆன அகன்ற இடுப்புப் பட்டையை எடுத்து, மூச்சு முட்டும் அளவுக்கு இறுக்கிக் கட்டினான். மூச்சு முட்டினால்தான் பட்டை வேலை செய்கிறது என்று பொருளாம். செங்குளம்பன் ஓடை நீரில் தன் உருவத்தைப் பார்த்தான். ஆடா, அடுப்படி மூட்டையா என்று அடையாளம் தெரியவில்லை. ஆயினும் பயில்வானைப்போல் இருந்தது. அதுவே அவனுக்குப் பெரிதாகப் பட்டது.

பயிற்சி தொடங்கியது. பின்னங்காலில் நிமிர்ந்து நின்று, முன்னங்கால்களால் கல்லை அணைத்துத் தலைக்குமேல் தூக்க வேண்டும். கரடிகள் அப்படித்தான் தூக்குமாம். முதல் நாள் செங்குளம்பன் பதினொரு முறை மல்லாந்து விழுந்தான். இரண்டாம் நாள் ஒன்பது முறை விழுந்தான். “நல்ல முன்னேற்றம்!” என்றான் கருந்தோளன்.

உணவிலும் ஒழுங்கு வந்தது. காலையில் ஒரு புற்றுக் கறையான். மாலையில் ஒரு புற்றுக் கறையான். புல் தின்பவன் புல்லாகவே போய்விடுவானாம். செங்குளம்பன் ஒரே ஒரு வாய்தான் வைத்தான். கறையான்கள் அவனைத் தின்னத் தொடங்கின. இரண்டு நாள் நாக்கு வீங்கியிருந்தது.

“நாக்கிலும் தசை வந்துவிட்டது!” என்று கரடி பாராட்டினான்.

இரண்டு திங்கள் சென்றன. தோள் உண்மையிலேயே திரண்டது. செங்குளம்பன் நடக்கும்போது அது முன்னால் வந்தது. அவன் அதன் பின்னால் வந்தான். ஓடைக்கரையில் தன்னைப் பார்த்துக்கொள்ளும் நேரம் மேய்ச்சல் நேரத்தைவிட மிகுந்தது.

ஒருநாள் காற்றில் சிறுத்தையின் வாடை வந்தது. மந்தை முழுவதும் ஒரே மூச்சில் சரிவில் ஏறிப் பாறை விளிம்பை அடைந்தது. குட்டிகள் வந்தன. கிழ ஆடுகள் வந்தன. வயிற்றில் சுமையோடு வெண்செவியும் வந்தாள். செங்குளம்பன் மட்டும் சரிவின் நடுவில் நின்று, மண்ணை முகர்ந்தபடி மூச்சைத் தேடிக்கொண்டிருந்தான்.

மேலிருந்து வெண்செவி எட்டிப் பார்த்தாள்.

“உங்கள் தோள் எப்போதோ வந்துவிட்டது. நீங்கள் எப்போது வருவீர்கள்?”

நல்லவேளையாகச் சிறுத்தை வேறு வழியாகப் போய்விட்டது. மறுநாளே செங்குளம்பன் கருவிகளைக் கழற்றிப் பாறை இடுக்கில் வைத்துவிட்டு, ஓட்டக் குழுவில் சேர்ந்தான்.

ஓட்டக் குழுவின் தலைவன் ஓயாக்காலன் என்னும் செந்நாய். செந்நாய்கள் வரையாட்டைத் தின்னும் என்பது உண்மைதான். பயிற்சி நேரத்தில் தின்பதில்லை என்று விதி எழுதியிருந்தார்கள். ஆனாலும் அந்தக் குழுவில் யாரும் கடைசியாக ஓட விரும்பியதே இல்லை. குழுவின் முன்னேற்றத்துக்கு அதுவே முதற் காரணம்.

“உனக்கு எதற்குத் தோள்?” என்று கேட்டான் ஓயாக்காலன். “தசை என்பது சுமை! அதைத் தூக்கிக்கொண்டு மூன்று குன்று சுற்றப் போகிறவன் நீயா, கரடியா?”

“நான்தான்.”

“கரடி எப்போதாவது ஓடிப் பார்த்திருக்கிறாயா?”

“தேனீ துரத்தியபோது பார்த்திருக்கிறேன்.”

“வென்றது யார்?”

“தேனீ.”

“முடிந்தது வழக்கு!”

இங்கும் கருவி இருந்தது. கழுத்தில் நீர் நிரம்பிய சுரைக்குடுக்கை தொங்க வேண்டும். ஓடும்போது அது மார்பில் இடித்துக்கொண்டே இருக்கும். பாதி நீர் வழியிலும் மீதி நீர் முகத்திலும் தெறிக்கும். மூச்சுக்கும் ஒரு முறை இருந்தது. நாக்கை ஒரு பக்கமாகத் தொங்கவிட்டபடி ஓட வேண்டும்.

“தலைவரே, ஆடுகள் நாக்கைத் தொங்கவிடுவதில்லையே?”

“அதனால்தான் கல்லின்முன் தோற்று நிற்கின்றன!”

செங்குளம்பன் நாக்கைத் தொங்கவிட்டான். ஈக்கள் மகிழ்ந்தன.

குழுவில் அவனுக்கு ஒரு வியப்பும் காத்திருந்தது. முன் வரிசையில் வன்பிடரன் ஓடிக்கொண்டிருந்தான்!

“வென்றவன் நீ! உனக்கு எதற்கு இந்தத் தொல்லை?” என்று கேட்டான் செங்குளம்பன்.

“வென்றேன், மைத்துனா. ஆனால் காட்டில் என்னை என்னவென்று அழைக்கிறார்கள் தெரியுமா? ‘நடந்து வந்தவன்’! என் மனைவியின் தம்பிகூட அப்படித்தான் அழைக்கிறான். இந்த ஆண்டு ஓடி வந்து காட்டுவேன்!”

“கல்லைத் தள்ளிப் பயிற்சி செய்கிறாயா?”

“கல் எங்கே போய்விடும்? அங்கேயேதானே இருக்கும்!”

ஒன்றரைத் திங்கள் ஓடி முடிந்தது. செங்குளம்பனின் மூச்சு திரும்பியது. தோள் திரும்பிப் போயிற்று. விலா எலும்புகளைத் தொலைவிலிருந்தே எண்ண முடிந்தது. அப்போதுதான் கல்லின் நினைவு வந்தது. மேய்ச்சல் வெளியில் கிடந்த ஒரு பாறையை முட்டிப் பார்த்தான். பாறையிலிருந்து ஒரு பல்லி மட்டும் நகர்ந்தது.

இப்போது அவனுக்குத் தெளிவு பிறந்தது. ஓட்டமும் வேண்டும், வலிமையும் வேண்டும். ஆகவே இரண்டையும் ஒரே நாளில் முழுமையாகச் செய்துவிடுவது! காலையில் கரடியின் குகை; மாலையில் செந்நாயின் குழு. ஒருவனுக்கு மற்றவனைப் பற்றித் தெரியக் கூடாது. ஆகவே நடுப்பகலில் ஒரு புதருக்குள் போய்ப் பட்டையைக் கழற்றிக் குடுக்கையை மாட்டிக்கொள்வான். சிலநாள் அவசரத்தில் இரண்டையும் போட்டுக்கொண்டு வெளியே வந்தான்.

பத்து நாள் இப்படி நடந்தது. எட்டாம் நாள், வாயில் புல்லோடு நின்றபடியே உறங்கிப்போனான். பத்தாம் நாள், கரடியிடம் தொடை நடுங்கும்வரை கல் தூக்கிவிட்டு நேராகக் குன்றுக்கு ஓடினான். பாதி வழியில் பின்னங்காலின் நரம்பு சுண்டிக்கொண்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அன்று கடைசியாக வந்தவன் அவன்தான். ஓயாக்காலன் திரும்பி வந்து, அவனை அன்போடு நெடுநேரம் முகர்ந்து பார்த்தான்.

“வலிக்கிறதா?”

“இல்லை! இல்லவே இல்லை!” என்று சொல்லிவிட்டுச் செங்குளம்பன் மூன்று காலால் ஓடிய ஓட்டத்தை, அந்தப் பயிற்சிக் காலத்திலேயே சிறந்த ஓட்டம் என்று பார்த்தவர்கள் பிறகு சொன்னார்கள்.

ஐந்து நாள் எழ முடியவில்லை. பாறை நிழலில் படுத்துக் கிடந்தான். வெண்செவி அருகில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தாள்.

“ஒரு கேள்வி கேட்கலாமா, வீரரே?”

“கேள்.”

“சுனைக்கல்லைத் தலைக்குமேல் தூக்கப் போகிறீர்களா?”

“தூக்குவதா? நெற்றியால்தானே தள்ள வேண்டும்!”

“இந்த நான்கு திங்களில் எத்தனை நாள் நெற்றியால் தள்ளிப் பயின்றீர்கள்?”

செங்குளம்பன் வானத்தைப் பார்த்தான். அங்கே விடை இல்லை.

“கூடத்தில் அந்தப் பயிற்சி இல்லை.”

“ஏன் இல்லை?”

“கரடிக்குக் கொம்பு இல்லையே.”

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது என்ன என்பது அவன் காதில் விழுந்தது. வெண்செவி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவனுக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

“நாக்கைத் தொங்கவிடுவது?” என்று அவள் விடாமல் கேட்டாள்.

“அது நாய்க்கு.”

“காலணி?”

“அதைப் பற்றி மட்டும் கேட்காதே!”

ஆறாம் நாள் கால் வலி நீங்கியது. எழுந்தான். மேய்ச்சல் வெளியில் இருந்த அதே பாறையை, ஒரு நம்பிக்கையும் இல்லாமல் நெற்றியால் தள்ளினான். பாறை ஆடியது!

“வெண்செவி! ஐந்து நாள் ஒன்றுமே செய்யவில்லை. வலிமை கூடியிருக்கிறது!”

“நீங்கள் ஒன்றும் செய்யாத நாளில்தான் உங்கள் உடம்புக்குத் தன் வேலையைச் செய்ய நேரம் கிடைத்திருக்கிறது. நீங்கள் விழித்திருந்தால் விடமாட்டீர்களே!”

கோடைக்கு இன்னும் ஒரு திங்கள்தான் இருந்தது. இந்த முறை செங்குளம்பன் யாரிடமும் போகவில்லை. ஒருநாள் அந்தப் பாறையைச் சரிவில் நெற்றியால் தள்ளினான்; களைப்பதற்கு முன்பே நிறுத்தினான். மறுநாள் மூச்சு வாங்காத அளவுக்கு மெதுவாக ஓடினான். அடுத்த நாள் புல் தின்றுவிட்டுப் படுத்தான். அதற்கு அடுத்த நாள் தொலைவாக ஓடினான். தள்ளிய நாளுக்கு மறுநாள் நெடுந்தொலைவு ஓடுவதில்லை என்பதை மட்டும் உறுதியாக வைத்துக்கொண்டான். காலின் நரம்பு அந்த விதியை நன்றாகவே நினைவூட்டியது.

பாறையில் உரசி நெற்றித் தோல் உரிந்தது. வெண்செவி பாசியைத் திரட்டி ஒரு சிறு திண்டு செய்து, கொம்புகளுக்கு நடுவில் கொடியால் கட்டினாள். அவனுக்கு உண்மையில் தேவைப்பட்ட கருவி அது ஒன்றுதான். கருந்தோளனின் குகையில் அதைத் தவிர எல்லாம் இருந்தன.

பத்து நாளில் பாறை ஓர் அடி ஏறியது. இருபது நாளில் ஓர் ஆள் உயரம் ஏறியது. ஓடைகள் வற்றின. வெண்செவி ஒரு பெண்குட்டியை ஈன்றாள். மூன்றாம் நாள் சுனை திறப்பு.

பாலூட்டும் தாயால் வேங்கை மரத்தடிக்கு வர இயலவில்லை. குட்டியோடு சுனையருகே நின்றுகொண்டாள். அவள் உடன் இல்லாததன் விளைவு உடனே தெரிந்தது.

“வெறுங்குளம்போடா வந்திருக்கிறாய்?” என்று காடு முழுவதும் கேட்கக் கத்தினான் கருந்தோளன். “பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? பெரிய ஓட்டத்துக்கு வருகிறவன் இப்படியா வருவான்?” பாறை இடுக்கில் கிடந்த காலணிகளை அவனே போய் எடுத்து வந்திருந்தான்.

எல்லோரும் செங்குளம்பனின் கால்களைப் பார்த்தார்கள். அறிவு வந்துவிட்டால் வெட்கம் போய்விடும் என்பது தவறான கருத்து. செங்குளம்பன் குனிந்து காலணிகளை மாட்டிக்கொண்டான்.

கருந்தோளன் மட்டும் ஓடவில்லை. பயிற்சியாளன் போட்டியில் இறங்குவது தகுதிக்குக் குறைவாம்.

முதற் குன்று மண்பாதை. காலணி ஒன்றும் செய்யவில்லை. ‘தப் தப்’ என்று ஒலி மட்டும் எழுப்பியது. இரண்டாம் குன்றில் வழுவழுப்பான பாறைச்சரிவு வந்தது. நூறு தலைமுறையாக வரையாடுகள் விழாத இடம் அது. செங்குளம்பன் விழுந்தான். பாக்குமட்டை வழுக்கியது, அவன் இருபது முழம் சறுக்கி, உண்ணிச்செடிப் புதருக்குள் தலைகீழாகப் போய்ச் சேர்ந்தான்.

ஓயாக்காலன் நாக்கைத் தொங்கவிட்டபடி கடந்து போனான். பின்னாலேயே வன்பிடரன் வந்தான். மெலிந்து, ஒடுங்கி, காற்றைப்போல் ஓடினான்.

“மைத்துனா! ஆடு பாறையில் வழுக்கி விழுவதை இன்றுதான் பார்க்கிறேன்! கண் குளிர்ந்தது!”

செங்குளம்பன் புதருக்குள் கிடந்தான். மூன்று நாள் குட்டியின் முகம் நினைவுக்கு வந்தது. சேற்றில் வாய் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட பழைய குட்டியின் முகமும் நினைவுக்கு வந்தது. காலணிகளைக் கட்டியிருந்த கொடிகளைப் பல்லால் கடித்து அறுத்தான். நான்கு காலணிகளையும் உதறினான். ஒன்று பள்ளத்தில் விழுந்து, விழுந்த ஒலிகூடக் கேட்கவில்லை.

வெறுங்குளம்பு பாறையில் பட்டது. பாறை பிடித்துக்கொண்டது.

இப்போது அவன் பதறி விரைந்திருக்க வேண்டும். பழைய செங்குளம்பன் அப்படித்தான் செய்திருப்பான். முதலில் போய்ச் சேர்ந்து, நிதானமாகத் தோற்றிருப்பான். இவனோ மூச்சு சீராக இருக்கும் அளவுக்கே ஓடினான். முன்னால் இரண்டு வால்கள் தெரிந்தன. அவற்றைப் பிடிக்க முயலவில்லை. ஓட்டத்தின் முடிவில் ஒரு கல் இருக்கிறது என்பதை அந்த ஓட்டத்தில் நினைவில் வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான்.

சுனையை அவன் மூன்றாவதாக அடைந்தபோது, ஓயாக்காலன் தன் மூன்று முறையையும் முடித்துவிட்டிருந்தான். கல் அவனுக்காக அசையவே இல்லை.

வன்பிடரன் முன்னால் வந்தான்.

“நடந்து வந்தேனா? யாராவது இப்போது சொல்லுங்கள், நடந்தா வந்தேன்?” என்று சுற்றிலும் பார்த்துக் கேட்டான்.

அவன் கல்லைத் தள்ளினான். கல் சற்று எழுந்தது, மீண்டும் அமர்ந்தது. இரண்டாம் முறை தள்ளினான், அதே இடம். மூன்றாம் முறை கால்கள் மண்ணை வாரின, கல் நகரவில்லை. வன்பிடரன் திரும்பித் தன் பிடரியைப் பார்க்க முயன்றான். சென்ற ஆண்டு அது இருந்த இடத்தில் இப்போது தோல் மட்டும் தொங்கியது. விலகினான்.

மான்களின் ஓட்டக்காரனும் வந்து சேர்ந்தான். தள்ளித் தோற்பதைவிட நடு வரிசையில் குடிப்பதே மேல் என்று சொல்லிவிட்டு, ஓரமாக நின்றுகொண்டான்.

செங்குளம்பன் நெற்றித் திண்டைச் சரிசெய்தான். பாறைமேல் வெண்செவி நின்றாள். அவள் கால்களுக்கிடையில் குட்டி ஆடி ஆடி நின்றது.

முதல் தள்ளு. கல் ஆடியது.

இரண்டாம் தள்ளு. கல் பாதி எழுந்தது. எழுந்த கல் திரும்பி வந்து நெற்றியில் மோதியது. கண்ணில் நீர் முட்டியது.

“விழப் போகிறான்!” என்றது ஒரு குரல்.

“காலணி போட்டிருக்கலாம்!” என்றது கரடியின் குரல்.

செங்குளம்பன் மூச்சை இழுத்துவிட்டான். அவசரப்படவில்லை. பின்னங்கால் இரண்டையும் பாறையின் வெடிப்பில் ஊன்றினான். குளம்பின் மெத்தென்ற அடிப்பகுதி வெடிப்புக்குள் பதிந்து நின்றது. கழுத்தை நீட்டினான், முதுகைத் தாழ்த்தினான், சரிவில் ஒரு திங்களாகச் செய்ததையே இங்கும் செய்தான்.

கல் எழுந்தது. நின்றது. உருண்டது!

உள்ளிருந்து குளிர்ந்த காற்று ஒன்று வந்து அவன் முகத்தில் பட்டது. நீர் கண்ணாடிபோல் தெளிந்திருந்தது.

கூட்டத்தின் ஆரவாரம் அடங்குவதற்கு முன்பே கருந்தோளன் ஒரு பாறைமேல் ஏறிவிட்டான்.

“பார்த்தீர்களா? என் மாணவன்! அந்தத் தோள் நான் கொடுத்த தோள்!”

“மூச்சு?” என்று எதிர்ப்பாறையில் ஏறினான் ஓயாக்காலன். “அந்த மூச்சு யாருடையது? என் குழுவுடையது!”

இருவரும் நெடுநேரம் வாதாடினார்கள். வென்றவனிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஓர் இளமான் மட்டும் அருகில் வந்தது.

“அண்ணா, உண்மையில் எப்படி வென்றீர்கள்?”

“ஒருநாள் தள்ளினேன். ஒருநாள் ஓடினேன். ஒருநாள் படுத்திருந்தேன்.”

“படுத்திருந்தீர்களா?” மானின் முகம் வாடியது. “அதை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாமே!” என்று சொல்லிவிட்டு, கரடியின் கூடத்தில் சேர இடம் கிடைக்குமா என்று பார்க்க ஓடியது.

வரையாடுகள் வரிசையாகச் சுனைக்குள் இறங்கின. பன்றிகளும் செந்நாய்களும் கடைசிக்குப் போயின. பன்றிகள் சேற்றில் புரளும். ஆயினும் சேற்றைக் குடிப்பதை எந்தப் பன்றியும் விரும்பியதில்லை.

வெண்செவி வன்பிடரனின் மனைவியைப் பார்த்தாள். “உங்கள் குட்டிகளை எங்கள் குட்டிகளோடு முன்னால் அனுப்புங்கள், அண்ணி. அப்பன் ஓடி மெலிந்ததற்குக் குட்டி ஏன் சேறு குடிக்க வேண்டும்?”

வன்பிடரன் கேட்காதவன்போல் வேறு பக்கம் திரும்பி நின்றான்.

வெண்செவி நிறையக் குடித்தாள். மூன்று நாள் குட்டி நீரில் மூக்கை வைத்து, தும்மி, பின்வாங்கி, தாயின் மடியைத் தேடிப் போயிற்று. செங்குளம்பன் அன்று ஓடவும் இல்லை, தள்ளவும் இல்லை; மாலைவரை நிழலில் படுத்துக் கிடந்தான்.

வலிமையையும் நெடுமூச்சையும் ஓய்வோடு அளவாக வளர்த்து, தன் உடலுக்கும் தன் வேலைக்கும் பொருந்திய கருவியை மட்டும் ஏற்பவன் வெல்வான். பிறர் உடலுக்குப் பொருந்தியதையெல்லாம் தன் உடலில் மாட்டிக்கொள்பவன், தனக்கு இயல்பாக வாய்த்ததையும் இழப்பான்.